பரணில் இல்லாத சுவர்

கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு வரிசை வீட்டை வாங்குவதா விடுவதா என்று நண்பரின் மகளும் மருமகனும் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். 1900-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட வீடு. முன்பக்கம் பிதுங்கிய பெரிய சன்னல், பின்னால் கையகலத் தோட்டம், ரயிலடிக்கும் கோயிலுக்கும் நடைதூரம். "மாமா, நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அவள் கூப்பிட்டதால் ஒரு சனிக்கிழமை போனேன்.

கீழே எல்லாம் பார்த்து முடித்தோம். பக்கத்து வீட்டோடு பங்கிட்டிருக்கும் சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக மாடிப்படியின் உச்சியில், சீலிங்கில் இருந்த சதுரக் கதவைத் தள்ளி, ஏணி வைத்து, மருமகன் பரணுக்குள் தலையை நீட்டி டார்ச் அடித்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாமா, இஞ்ச சுவரே இல்லை."

நானும் ஏறிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் சீலிங் மட்டம் வரை வந்து, அங்கே நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் வெறும் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் பக்கத்து வீட்டாரின் பழைய பெட்டிகள் தெரிந்தன. அதற்கு அப்பால், மூன்றாம் வீட்டின் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் அப்பால் வெளிச்சம் எட்டவில்லை. கீழே தனித்தனி வாசல், தனித்தனிப் பூட்டு, தனித்தனிக் குடும்பங்கள். மேலே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பரண்.

இங்கிலாந்தின் பழைய வரிசை வீடுகளில் இது அபூர்வமான காட்சி இல்லை. நிலக்கரி ஊர்களிலும் ஆலை நகரங்களிலும் விக்டோரியா காலத்தில் தொழிலாளர்களுக்காக மளமளவென்று எழுப்பிய வரிசைகளில், பொதுச்சுவரைக் கூரை வரை ஏற்றாமல் விட்டவை ஏராளம். செங்கல் மிச்சம், கூலி மிச்சம், கூரை மரத்தை ஒரே ஓட்டமாகப் போட்டுவிடலாம். நூறாண்டுக்கும் மேலாக அந்த வீடுகள் நின்றிருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே என்று உரிமையாளர்கள் கேட்பதுண்டு. அந்த வரிசையில் இன்னும் ஒரு பரணிலும் தீப்பிடிக்கவில்லை என்பதைத் தவிர அதில் வேறு அர்த்தம் இல்லை.

ஓர் அறையில் தீப்பற்றினால் சூடான வாயுக்கள் மேலே எழும்பி, சீலிங்கில் முட்டி, பக்கவாட்டில் விரியும். சீலிங்குக்கு அடியில் தேங்கும் அந்த வாயுப் படலம் 500, 600 பாகை செல்சியஸைத் தொடும்போது, அதிலிருந்து இறங்கும் கதிர்வீச்சிலேயே தரையில் கிடக்கும் சோபாவும் கம்பளமும் தீயைத் தொடாமலே பற்றிக்கொள்ளும். தீயின் போக்கு மேல்நோக்கியது என்பதால், வீட்டின் உச்சியிலுள்ள பரண் அதன் இயல்பான இலக்கு. அங்கே சென்றுவிட்டால், நூறு வருடம் காய்ந்த கூரைச் சட்டங்களும் ரீப்பர்களும் காத்திருக்கின்றன. பிரிவுச் சுவர் இல்லாத பரண் என்பது படுக்க வைத்த புகைபோக்கி. தீ மேலே ஏறும் வேலையை முடித்துக்கொண்டு, வரிசையின் நீளத்துக்குப் படுத்து ஓடத் தொடங்கும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவியைப் படிக்கட்டுப் பக்கத்துச் சீலிங்கின் அடியில் பொருத்துகிறோம். நம் வீட்டில் தொடங்கும் தீக்கு அது போதும். மூன்று வீடு தள்ளித் தொடங்கிய தீ பரண் வழியாக வந்தால், அது நம் கருவிக்கு மேலே, நாம் தூங்கும் கட்டிலுக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருக்கும். சீலிங்கைத் துளைத்து இறங்கும் வரை கருவிக்கு ஒன்றும் தெரியாது.

இனி அந்தச் சுவர். கணினி வைத்திருப்பவர்கள் 'ஃபயர்வால்' என்ற சொல்லைத் தினமும் கேட்கிறார்கள். அந்தச் சொல் இந்தச் செங்கல் சுவரிடமிருந்து கடன் போனது. தீத்தடுப்புச் சுவரிடம் பொறியாளர்கள் கேட்பது மூன்று. தன்மேல் ஏற்றிய பாரத்தோடு விழாமல் நிற்க வேண்டும். தீயும் சூடான வாயுவும் மறுபக்கம் போக இடைவெளி விடக்கூடாது. மறுபக்கத்து முகம் அதிகம் சூடாகக்கூடாது.

இந்த மூன்றையும் சோதிக்கிற முறை பார்க்க வேண்டிய ஒன்று. சுவரின் ஒரு மாதிரியைக் கட்டி, அதையே ஓர் உலையின் நான்காவது பக்கமாக வைத்து மூடுவார்கள். உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு வெப்பக் கோட்டின்படி உலையை ஏற்றுவார்கள்: 5 நிமிடத்தில் 576 பாகை, அரை மணியில் 842, ஒரு மணி நேரத்தில் 945. வெளிப்பக்கத்தில் விரிசல் தெரிந்த இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டைக் காட்டுவார்கள். பஞ்சு பற்றினால் சுவர் தோற்றது. வெளிமுகத்தில் ஒட்டிய வெப்பமானிகள், தொடக்க வெப்பத்தைவிடச் சராசரியாக 140 பாகையோ, ஏதாவது ஓர் இடத்தில் 180 பாகையோ உயர்ந்தாலும் தோற்றது. ஏனென்றால், அதற்கு மேல் போனால் சுவரோடு சாய்த்து வைத்த துணியும் தாளும் மரமும் மறுபக்கத்தில் தாமாகவே கருகத் தொடங்கிவிடலாம். இத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று சுவருக்குக் கிடைக்கும் எண், இந்த உலையில் கிடைத்த எண்.

செங்கல் இதில் ஏன் ஜெயிக்கிறது? சூளையில் 1,000 பாகை அளவில் வெந்து வந்த பொருள் அது. எரிவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. வீட்டுத் தீ அதற்கு ஏற்கெனவே அறிமுகமான சூடுதான். அதோடு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். இதில் கொத்தனார்கள் அனுபவத்தால் அறிந்ததை இயற்பியல் ஒரு கணக்காகச் சொல்கிறது: சுவரின் தடிமன் இரண்டு மடங்கானால், வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். வெப்பம் உள்ளே நகரும் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் வரும் விளைவு இது. நாலரை அங்குலச் சுவருக்கும் ஒன்பது அங்குலச் சுவருக்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்கு ஒரு சாண்கூட இல்லை. தீயின் முன்னால் அது பெரிய வித்தியாசம். ஒரு பக்கம் மட்டும் சூடாகும் சுவர் அந்தப் பக்கம் விரிந்து, தீயை நோக்கி வளைந்து கொடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய, உயரமான, பிடிமானமில்லாத சுவர் வெப்பத்தால் தோற்பதற்கு முன்பே வளைவால் விழலாம்.

பரணில் செங்கல் ஏற்ற முடியாத இடங்களில் ஜிப்சம் பலகை வரும். பார்த்தால் தாள் ஒட்டிய சுண்ணாம்பு மாதிரி இருக்கும். இதுவா தீயைத் தடுக்கும் என்று தோன்றும். அதன் பலம் அதற்குள் இருக்கும் தண்ணீர். ஜிப்சம் படிகத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் பிணைந்திருக்கிறது. 12.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். தீ பட்டதும் அந்த நீர் படிகத்திலிருந்து பிரிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கே தீயின் வெப்பம் செலவழிகிறது. நீர் முழுவதும் தீரும் வரை பலகையின் பின்முகம் 100 பாகைக்கு மேல் அதிகம் ஏறாது. தீர்ந்த பிறகு பலகை சுருங்கி விரிசல் விடும். அந்த விரிசலைத் தாமதப்படுத்தவே, தீத்தடுப்புக்கென்று தயாரிக்கும் பலகைகளுக்குள் கண்ணாடி இழை கலக்கிறார்கள். சாதாரணப் பலகைக்கும் இதற்கும் நிறத்தில் மட்டுமே வித்தியாசம் என்று நினைத்து விலை குறைந்ததை வாங்கிப் போடுபவர்கள், கடைசி நிமிடங்களை இழக்கிறார்கள்.

லண்டன் இந்தப் பாடத்தைப் படித்த கதை நீளமானது. 1189-இல், நகரின் முதல் மேயரான ஹென்றி ஃபிட்ஸ்-அய்ல்வின் காலத்தில் வந்த கட்டட விதி, பக்கத்துப் பக்கத்து வீட்டார் இருவரும் ஆளுக்கு ஒன்றரை அடி நிலம் விட்டுக்கொடுத்து, நடுவில் 3 அடி தடிமனில் 16 அடி உயரத்தில் கற்சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்றது. பொதுச்சுவர் என்ற எண்ணம் அங்கே சட்டமாக எழுதப்பட்டது அப்போதுதான். நல்ல விதி. ஆனால் மரம் மலிவு, கல் விலை அதிகம். அடுத்த நானூற்றைம்பது ஆண்டுகளில் நகரம் பெரும்பாலும் மரத்திலேயே வளர்ந்தது. மாடிகள் தெருவின் மேல் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நீண்டன.

1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை. புட்டிங் லேன் என்ற சந்தில், தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீ பிடித்தது. வறண்ட கோடை முடிந்த நேரம், பலத்த கிழக்குக் காற்று. நான்கு நாட்களில் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் பழைய செயின்ட் பால் பேராலயமும் போயின. அடுத்த ஆண்டே வந்த மறுகட்டமைப்புச் சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லிலோ கல்லிலோதான் இருக்க வேண்டும் என்றது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் சுவர்த் தடிமனைக் குறித்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செங்கல் சுவர் கட்டியும் தீ தாண்டியது. எப்படி என்று கவனித்தார்கள். கூரைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்தது. தெரு முகப்பில் வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஓடிய மர இறவாண விளிம்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. சன்னல் சட்டத்தில் பற்றியது. 1707-இல் ஒரு சட்டம்: பொதுச்சுவர் கூரையைத் துளைத்து 18 அங்குலம் மேலே நிற்க வேண்டும், முகப்பில் மர விளிம்பு கூடாது, செங்கல் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். 1709-இல் இன்னொன்று: சன்னல் சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளு. 1774-இல் வந்த பெரிய சட்டம் அந்தச் சன்னல் சட்டத்தின் பெட்டியையும் செங்கலுக்குப் பின்னால் ஒளித்தது. கூரை தெரியாத நேர்க்கோட்டு முகப்பு, உள்ளடங்கிய சன்னல் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் ஜார்ஜிய கால லண்டனின் அழகில் பாதி, தீ எங்கே தாண்டியது என்று பார்த்துப் பார்த்து எழுதிய விதிகளால் வந்தது.

1894-இன் லண்டன் கட்டடச் சட்டம், குடியிருப்பு வீடுகளின் பொதுச்சுவர் கூரைக்கு மேல் குறைந்தது 15 அங்குலம் எழும்ப வேண்டும் என்றது. தெற்கு லண்டனின் டூட்டிங்கில் ரயில் பாலத்திலிருந்தோ இரட்டை மாடிப் பேருந்தின் மேல்தட்டிலிருந்தோ பழைய தெருக்களின் கூரைகளைப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் கூரைக்கு மேல் ஒரு சிறிய செங்கல் வரப்பு ஓடுவது தெரியும். வயலில் வரப்பு தண்ணீருக்கு; இங்கே தீக்கு. ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை கிழக்கே லீ ஆற்றோடு முடிந்தது. ஈஸ்ட் ஹாம் 1965 வரை நிர்வாகக் கணக்கில் லண்டனே இல்லை, எசெக்ஸ். அங்கும் இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலும் நடைமுறையில் இருந்தவை அந்தந்த ஊராட்சிகளின் விதிகள். ஊருக்கு ஊர் அவை வேறுபட்டன. தெருவுக்குத் தெரு அவற்றை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பதும் வேறுபட்டது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான கட்டட விதிகள் 1965-இல்தான் வந்தன. அதனால்தான் ஒரே வயதுள்ள, ஒரே முகமுள்ள இரண்டு வீடுகளில் ஒன்றின் பரணில் சுவர் இருக்கும், மற்றதில் இருக்காது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கூரைக்கு மேல் வரப்பு இருந்தால் சுவர் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வரப்பு இல்லாவிட்டால் ஏணி வைத்து ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறிப் பார்க்கும்போது சுவர் இருக்கிறது என்று தெரிந்ததும் இறங்கிவிடக்கூடாது. சுவரின் பலம் அதன் மோசமான ஓட்டையின் பலம்தான்.

முதலில் உச்சியைப் பாருங்கள். சுவர் கூரையைச் சந்திக்கும் இடத்தில், ரீப்பர்கள் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகின்றன. ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். பழைய கொத்தனார்கள் அதைச் சாந்து வைத்து அடைத்தார்கள், சாந்து உதிர்ந்திருக்கும். பின்னாளில் கூரை மாற்றியவர்கள் அடைக்காமலே போயிருப்பார்கள். இதற்குச் சரியான அடைப்பு பாறைக் கம்பளி. அது 1,000 பாகைக்கு மேல்தான் உருகும். குளிருக்காகப் பரணில் விரித்திருக்கும் மஞ்சள் கண்ணாடிக் கம்பளியைப் பிய்த்துத் திணித்தால், தீயின் முதல் கட்டத்திலேயே அது உருகிச் சுருங்கிவிடும். சந்து மறுபடி திறந்துகொள்ளும். குப்பியிலிருந்து பீய்ச்சும் நுரையும் அப்படித்தான்: இளஞ்சிவப்பு நிறமாக இருக்கிறது என்பதற்காக அது எல்லாச் சந்துக்கும் மருந்தாகாது. எந்த அகலத்துக்கு, எந்த ஆழத்துக்கு, எந்தப் பொருட்களுக்கு நடுவில் சோதித்தார்கள் என்பது குப்பியிலும் சோதனைச் சான்றிலும் எழுதியிருக்கும்.

பிறகு இரண்டு ஓரங்கள். கூரை வெளியே நீட்டும் இறவாணத்தின் அடியில் பலகை அடித்துப் பெட்டி மாதிரி மூடியிருப்பார்கள். அந்தப் பெட்டி வரிசை முழுக்க ஒரே குழாயாக ஓடுகிறதா, ஒவ்வொரு வீட்டு எல்லையிலும் உள்ளே அடைத்திருக்கிறதா? 1707-இல் தடை செய்த அதே மர விளிம்பு, பிளாஸ்டிக் வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்து, கூரையைத் தாங்கும் குறுக்கு உத்திரங்கள். ஒரே மரம் சுவரைத் துளைத்து இரண்டு வீட்டுக்கும் போயிருந்தால், அதைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஊசியிலை மரம் எரியும்போது நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கரியாகும். தடித்த உத்திரம் உடனே எரிந்துவிடாது. கரிப் படலம் உள்மரத்தைக் காக்கும். ஆனால் சுற்றிலும் சாந்து இல்லாத துளை, மரம் எரிவதற்குள் வாயுவை அனுப்பிவிடும். மாடித் தளத்தின் விட்டங்களிலும் இதே கதை: இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இடத்தில் சுவருக்குள் செருகியிருந்தால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே மரமும் மரமும் முட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சுவர் என்று ஒன்று இல்லை.

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அடுப்புத் திண்டு. பழைய வீடுகளில் கணப்பும் அதன் புகைவழியும் பொதுச்சுவரோடு ஒட்டிப் பிதுங்கியிருக்கும். அறையைப் பெரிதாக்க யாரோ ஒருவர் எப்போதோ அதை இடித்து எடுத்திருப்பார். அறை அழகாகச் சதுரமாக இருக்கும். பின்னால் மிஞ்சியிருக்கும் சுவர் நாலரை அங்குலமாக இருக்கலாம். அதற்கு மறுபுறம் பக்கத்து வீட்டாரின் புகைவழி ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு நூற்றாண்டுப் புகையில் அங்கே சுண்ணாம்புச் சாந்து அரித்திருக்கும். பிளாஸ்டர் பூசி வர்ணம் அடித்த சுவர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மாடியில் திண்டு இருந்து கீழே இல்லாவிட்டால், மேலே மிஞ்சிய செங்கலைத் தாங்குவது எது என்றும், பின்சுவர் எவ்வளவு தடிமன் என்றும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இன்று இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீட்டில், இரண்டு கட்டடங்களுக்குப் பொதுவான சுவர் தீ பரவுவதைப் போதிய அளவு தடுக்க வேண்டும். கட்டட விதிகளுக்கான வழிகாட்டு நூலின் கணக்கில் அது குறைந்தது 60 நிமிடம். சுவர் கூரையின் அடிமுகம் வரை சென்று இடைவெளி அடைக்கப்பட வேண்டும். அல்லது கூரையைத் தாண்டி 375 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். 1894-இன் 15 அங்குலத்தை மெட்ரிக் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ அதே எண் வருகிறது. ஆனால் இந்த விதிகள் பின்னோக்கிப் பாய்வதில்லை. 1900-இல் கட்டிய வீட்டில் சொந்தக்காரர் குடியிருக்கும் வரை, பரணில் சுவர் இல்லை என்பதற்காக மட்டும் புதிய கட்டட விதிகளைக் காட்டி அவரைக் கட்டச் சொல்வதில்லை. பரணை அறையாக மாற்றும்போது, வீட்டைத் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிக்கும்போது நிலைமை மாறும். கட்டட ஆய்வாளர் வருவார். வாடகைக்கு விட்டால், தீ ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் உள்ளூராட்சிக்கு உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல், 'சட்டப்படி எல்லாம் சரி' என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு நிம்மதியடைபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியம் தீயைப் பற்றியதே இல்லை.

1774-இன் சட்டத்தில் ஒரு பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவருடைய வீட்டில் அவருடைய கவனக்குறைவு ஏதுமின்றித் தற்செயலாகத் தொடங்கிய தீ உங்கள் வீட்டையும் எரித்தால், அவர்மீது வழக்குப் போட்டு இழப்பீடு வாங்க முடியாது. உங்கள் இழப்பு உங்களோடு, உங்கள் காப்பீட்டோடு. அதனால் காப்பீட்டு நிறுவனம் வீட்டின் அமைப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்ததை மறைக்காமல் பதில் எழுதுவது முக்கியம். கடன் கொடுக்கும் வங்கியும் ஆய்வு அறிக்கையில் 'பரணில் பிரிவுச் சுவர் இல்லை' என்ற வரியைப் பார்த்தால் கேள்வி கேட்கக்கூடும். விற்பவர் நிலையில் யோசித்தாலும், அந்த வரி அறிக்கையில் வருவதற்கு முன்பே சுவரை எழுப்பிவிடுவதுதான் நல்லது.

பொதுச்சுவரின் மேல் புதிதாகச் செங்கல் வைப்பது, அதை உயர்த்துகிற வேலை. 1996-இன் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் முன்னதாகவே தொடங்கலாம். செங்கல்லோ கனமான கட்டியோ என்றால் கீழேயுள்ள சுவர் தாங்குமா என்று ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் உலோகச் சட்டத்தில் இரண்டு பக்கமும் தீத்தடுப்புப் பலகை அடிக்கலாம். பரணில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் பழைய பலகைத் தடுப்பு ஏதாவது இருந்தால் துளைபோடக் கூடாது. 1999 வரை இங்கிலாந்தில் கல்நார் முழுவதுமாகத் தடை செய்யப்படவில்லை. சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். வௌவால்கள் தங்கியிருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு ஆலோசனை கேட்க வேண்டும். அங்கே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

நண்பரின் மகள் அந்த வீட்டை வாங்கினாள். சுவருக்கு ஆகும் செலவைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். குடிவந்த முதல் வாரமே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டினாள். இடப்பக்கம் ஒரு மூதாட்டி, நாற்பது ஆண்டுகளாக அதே வீட்டில் தனியாக இருப்பவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பரணையும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னார். வலப்பக்கத்து வீட்டார் செலவில் பாதியைத் தாங்களே தருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் அது பாதிச் சுவர்தானே.

வேலை முடிந்த அன்று போயிருந்தேன். பரணில் விளக்கை அணைத்தோம். மருமகன் மூதாட்டியின் பரணில் ஏறி, அந்தப் பக்கத்திலிருந்து சுவர் முழுக்க டார்ச்சை மெதுவாக நகர்த்தினான். நாங்கள் இந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அடிவரிசையில் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. உச்சியில் குறுக்கு உத்திரத்தின் கீழ், ஊசி முனை அளவில் ஒரு வெளிச்சம்.

"அதிலயே பிடியுங்கோ" என்று அவள் சத்தம் போட்டாள். கொத்தனார் சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு, அந்தப் புள்ளியை நோக்கி விட்டத்தின் மேல் கால்வைத்து நடந்தார்.